ஞானத்துக்குப் பதிவுக் கட்டணம் தனி

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஏலம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்து என் செல்போனில் அந்தச் செய்தி வந்து விழுந்தது. மதமும் தகவல்தொடர்பும் பற்றிய ஆய்வில் நான் ஆற்றிய அரும்பணியைப் பாராட்டி மாமணி விருது தரப்போகிறார்களாம். என்ன அரும்பணி என்று எனக்கே பிடிபடவில்லை. மண்டையைக் குடைந்ததில் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. எப்போதோ ஒரு கருத்தரங்கில், மதியச் சாப்பாட்டுக்கு முந்தின அமர்வில், எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றை வாசித்தேன். முழுக்க வாசித்தேன் என்று சொல்ல முடியாது. இரண்டாம் பக்கத்திலேயே மணி அடித்துவிட்டார்கள். அதற்குள் பந்தியில் இலையும் போட்டுவிட்டார்கள்.

செய்தியின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது விஷயம். பதிவுக் கட்டணம் ஐயாயிரம் ரூபாய். சால்வை, ஷீல்டு, சான்றிதழ், மதிய உணவு எல்லாம் அதில் அடக்கம். குடும்பத்தோடு மேடையில் போட்டோ எடுக்கத் தனிக் கட்டணம்.

கமிஷன் கடை அண்ணாச்சியிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"விருதுன்னா அவங்கதானவே நமக்குத் தரணும்? நீரு எதுக்குத் துட்டு கொடுக்கணும்?"

"அது விழாச் செலவுக்கு அண்ணாச்சி."

"சரிதான். இங்கயும் பழம் கொண்டாறவன் கமிஷன் கொடுக்கத்தான் செய்யுதான். ஆனா அவன்ட்ட பழம் இருக்கும்லா?"

ஆய்வுலகத்தின் மொத்தக் கணக்கையும் அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார். பழம் இல்லாமல் கமிஷன் மட்டும் நடக்கிற மார்க்கெட் அது. பதவி உயர்வுக்குப் புள்ளி, புள்ளிக்குக் கட்டுரை, கட்டுரைக்கு இதழ், இதழுக்குப் பணம். 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அடியாகத் தூக்கியது. அத்தனையையும் முதலில் உள்ளே விட்டதும் அதே மானியக் குழுதான். அழுகிய பழத்தைக் கூடையோடு ஏலம் விட்டுவிட்டு, அப்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள். அந்த இதழ்களில் கட்டுரை போட்டுப் புள்ளி வாங்கியவர்கள் இன்று பேராசிரியர்களாக உட்கார்ந்து, அடுத்தவன் ஆய்வேட்டில் மேற்கோள் குறி சரியாக இருக்கிறதா என்று சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருப்பார்கள்.

2023 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது இதைவிட ஒரு படி மேல். சர்வதேச ஊழல் தடுப்பு மற்றும் மனித உரிமைகள் கவுன்சில் என்று ஓர் அமைப்பு. அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கை வாடகைக்குப் பிடித்து, திரைக்கலைஞர்களுக்கும் யூடியூப் பிரபலங்களுக்கும் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பட்டத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அரங்கு கேட்டு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் பெயரில் கொடுத்த பரிந்துரைக் கடிதமும் போலி என்று அவரே சொன்னார். போலீஸ் வழக்காகி, அமைப்பின் இயக்குநர் கைதானார். ஊழலைத் தடுக்க வந்தவரைத் தடுக்கப் போலீஸ் வரவேண்டியிருந்தது. பட்டம் வாங்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேடை போட்டுக் கூப்பிட்டார்கள், போனார்கள். புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறு ஊர்ப் பழத்தை இந்தப் பெயரில் விற்கக் கூடாது. டாக்டர் பட்டத்துக்கும் அப்படி ஒரு குறியீடு கேட்டு யாராவது விண்ணப்பித்தால் தேவலை.

அமெரிக்காவில் ரிலீஜியஸ் கம்யூனிகேஷன் அசோசியேஷன் என்றே ஒரு சங்கம் இருக்கிறது. மதமும் பேச்சும் சந்திக்கிற இடத்தை ஆராய்ந்து எழுதிய நூலுக்கும் கட்டுரைக்கும் விருது தருகிறது. தரட்டும். நம் ஊரில் அந்தத் துறையில் முதல் பரிசு வாங்கியிருக்க வேண்டியவர் பக்கத்தில் சங்கரன்கோவிலில் இருந்தார், பெயர்தான் தெரியவில்லை. சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று நாகர்களான சங்கனும் பதுமனும் சண்டை போட்ட கதையில், இரண்டு பேரும் ஒருவரே என்று காட்டச் சங்கரநாராயணராக வந்தார் சாமி. அதைக் கல்லில் பாதிப் பாதியாக வடித்துக் காட்டிய சிற்பி, முன்னுரை எழுதவில்லை, அடிக்குறிப்புப் போடவில்லை. ஆடித் தபசுக்கு வருகிற கூட்டத்துக்கு இன்றும் அவர் சொன்னது விளங்குகிறது. இந்தக் காலத்துச் சிற்பியாக இருந்தால், "அரியும் அரனும்: ஒரு பன்முகப் பார்வை" என்று தலைப்பு வைக்காமல் உளியைத் தொட விட்டிருக்க மாட்டார்கள்.

கல்லில் அவர் என்றால் ஏட்டில் உ.வே.சாமிநாதையர். ஐயர் சைவர். 1887-இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி சமணக் காப்பியம். விளங்காத இடத்துக்கெல்லாம் கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். மகாமகோபாத்தியாயப் பட்டம் 1906-இல் வந்தது. ஐயர் பணம் கட்டி ரசீது வாங்கியதாகத் தகவல் இல்லை.

கேட்காமலே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் நெல்லைச் சீமையிலேயே சாட்சி உண்டு. மிஷனரி ராபர்ட் கால்டுவெல் 1849-இல், இன்று நாடார் என்று அறியப்படும் மக்களின் சமயத்தையும் பழக்கவழக்கங்களையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். யாரைப் பற்றி எழுதினாரோ அவர்கள் படித்துப் பார்த்துக் கொதித்தார்கள். கடைசியில் அந்தப் புத்தகத்தையே அவர் விலக்கிக்கொள்ள நேர்ந்தது. அந்த மக்களில் ஒருவர், மிஷனரிகளோடு முரண்பட்டு வெளியேறிய அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, 1857-இல் பிரகாசபுரத்தில், வெள்ளைக்காரப் பாதிரிமார் கைக்கு எட்டாத ஒரு சபையையே தனியாகத் தொடங்கிவிட்டார். சனிக்கிழமைதான் ஓய்வுநாள் என்றார். மதமும் தகவல்தொடர்பும் என்றால் இதுவல்லவா! கால்டுவெல்லுக்கு கிளாஸ்கோவின் டாக்டர் பட்டம், மெரினாவில் சிலை, தபால்தலை. அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்கு அதெல்லாம் தகும்; எனக்கு அதில் வழக்கில்லை. சட்டாம்பிள்ளைக்கு மெரினாவில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. அவர் ஆய்வாளர் இல்லை, ஆய்வுப் பொருள். பொருளுக்குச் சால்வை போர்த்துகிற வழக்கம் இங்கே இல்லை.

இனி மீனாட்சிபுரம். தென்காசிப் பக்கத்துக் கிராமம். 1981 பிப்ரவரி 19 அன்று தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் நூற்றுக்கும் மேலே ஒன்றுசேர்ந்து இஸ்லாத்துக்கு மாறின. ஏன் என்று கேட்டவர்களிடம் சுற்றி வளைக்காமல் சொன்னார்கள்: சாதியின் பெயரால் பட்ட அவமானம் போதும், மனுஷனாக மதிக்க வேண்டும். பாமரத் தமிழ். கோனார் நோட்ஸ் தேவையில்லை.

டெல்லிக்கு மட்டும் அது புரியவே இல்லை. பத்திரிகைகள் வளைகுடாப் பணம் என்று எழுதின. தலைவர்கள் கார் காராக வந்து இறங்கினார்கள். ஆரிய சமாஜம் வந்தது. திருப்பி மாற்ற வந்தவர்கள், எண்ணிப் பார்க்க வந்தவர்கள், நோட்டும் டேப் ரெக்கார்டருமாய் வந்த ஆய்வாளர்கள். அதுவரை அந்தத் தெருவை எட்டிப் பார்க்காத தேசம், அவர்கள் தொழுகைக்கு நின்றதும் ஓடி வந்து குசலம் விசாரித்தது. தலைமுறை தலைமுறையாக டீக்கடையில் தனி டம்ளர் தந்தபோது எந்தக் கருத்தரங்கும் கூடவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனதும் தர்மம் ஆபத்தில் மாட்டிக்கொண்டது.

தகவல்தொடர்பியல் வகுப்பில் முதல் நாளே சொல்லித் தருவார்கள்: அனுப்புநர், செய்தி, பெறுநர், நடுவில் இரைச்சல். மீனாட்சிபுரத்தில் அனுப்புநர் தொண்டை கிழியச் சொன்னார். செய்தி தெளிவு. பெறுநரைக் காணோம். இரைச்சல் மட்டும் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஓயவில்லை. அந்த இரைச்சலிலிருந்து ஆய்வேடுகள் வந்தன, புத்தகங்கள் வந்தன, வைவா முடிந்து லட்டு வந்தது. நல்ல ஆய்வுகளும் நடந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தெருக்காரரின் ஐந்து நிமிஷப் பேச்சு "கள ஆய்வுத் தரவு" ஆகிறது. அதைக் கடன் வாங்கிப் பேசுகிற ஐம்பது நிமிஷம் "சிறப்புரை" ஆகிறது. தரவுக்குப் பெயரில்லை, எண் உண்டு: தகவலாளி 7, ஆண், வயது 52. தனி டம்ளரில் குடித்தவனுக்குத் தகவலாளி என்று இன்னொரு டம்ளர்.

நான் அந்த விருதுச் செய்திக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் கூடை கூடையாகப் பழம் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. இதே பழம் அம்மன் சூலத்திலும் குத்தி நிற்கும், நோன்பு திறக்கிற நேரத்தில் சர்பத்தாகவும் இறங்கும். சுமக்கிறவர் எந்தக் கூடை எங்கே போகிறது என்று கேட்பதில்லை. அந்தக் காலத்தில் பெரியவர்களைப் பார்க்கப் போனால் கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிடுவார்கள். மரியாதைக்கு அது போதும். சான்றிதழில் பெயரைத் தப்பாக அச்சடிக்கிற பிரச்சினையும் இல்லை.

மூன்று கேள்விகள் அனுப்பினேன். ஒன்று: மீனாட்சிபுரத்துக்காரர் யாருக்காவது இந்த விருதைக் கொடுத்திருக்கிறீர்களா? இரண்டு: தேர்வுக் குழுவில் யார் யார், என் கட்டுரையை யார் படித்தார்கள்? மூன்று: கட்டணத்தை எப்படிச் செலுத்துவது?

முதல் இரண்டிலும் நீல டிக் விழுந்தது. அண்ணாச்சி இன்னும் போனை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"என்னவே, பதில் வந்துட்டா?"

வந்திருந்தது. கியூஆர் கோடு.