கூரை வெட்டிய இறக்கை

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை ஓட்டிய கோர்சேர் போர் விமானத்தில் மார்க் 1 முதல் 4 வரை வகைகள் உண்டே. எண் ஏற ஏற விமானமும் தேறியது என்று கொள்ளலாமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: ஒன்றிலிருந்து இரண்டுக்குக் கொள்ளலாம்; அதற்கு மேல் கூடாது. மார்க் 1-இல் விமானியின் தலைக்கு மேல் சட்டங்கள் குறுக்கே ஓடிய கண்ணாடி மூடி. முன்னால் நீண்ட மூக்கு. இறங்கும்போது கப்பல் தளம் கண்ணில் படுவதே பெரும்பாடு. மார்க் 2-இல் மூடி புடைத்தது, இருக்கை உயர்ந்தது. ஆனால் 2, 3, 4 என்ற எண்கள் முக்கியமாகச் சொல்வது தொழிற்சாலையைத்தான்: முறையே வாட், புரூஸ்டர், டயருக்குப் பேர்போன குட்இயர். அமெரிக்க மூல விமானத்திலிருந்து உண்மையான வேறுபாட்டை இறக்கை நுனியில் தேட வேண்டும். 41 அடி அகல அமெரிக்க இறக்கையில், பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பக்கத்துக்குச் சுமார் 8 அங்குலம் வெட்டினார்கள். இறக்கையை மேல்நோக்கி மடித்தால், கப்பலுக்குள் விமானங்களை நிறுத்தும் 16 அடி உயர ஹேங்கரின் கூரையில் அது இடித்தது. உங்கள் மலைப்பாதையில் ஏறும் பேருந்தின் நீளத்தை எஞ்சின் தீர்மானிப்பதில்லை, கொண்டை ஊசி வளைவு தீர்மானிக்கிறது. அதே நியாயம்தான் இங்கும். அதே கடற்படையின் இன்னொரு போர் விமானமான சீஃபயர் மார்க் 3-இன் இறக்கையை இரண்டு இடங்களில் மடிக்க வைத்ததும் இதே கூரைதான்.

கேள்வி: கூரையை உயர்த்தியிருக்கலாமே? தவிர, வெட்டிய பிறகு கோர்சேர் கப்பலில் நன்றாக இறங்கியது என்கிறார்களே, அப்போது அது மேம்பாடுதானே?

பதில்: அந்த ஹேங்கருக்கு மேலே 3 அங்குல எஃகுக் கவசத் தளம் இருந்தது. அவ்வளவு எடையை இன்னும் உயரே தூக்கினால் கப்பலின் சமநிலை கெடும். இரண்டாவது கேள்வி வலுவானது. நுனி குறைந்ததும், தளத்துக்கு மேல் மிதந்துகொண்டே போகும் குணம் தணிந்தது உண்மை. ஆனால் அது வெட்டியதால் கிடைத்த பலன். வெட்டச் சொன்ன காரணம் கூரை. அந்த வரிசையைப் புரட்டினால் வடிவமைப்பின் கதையே பொய்யாகிவிடும். இலஸ்ட்ரியஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலின் கோர்சேர்கள் 1944 ஏப்ரல் 19-இல் சுமத்ராவுக்கு அருகே சபாங் துறைமுகத்தைத் தாக்கிய நடவடிக்கையில் பறந்தன. அந்தக் கப்பலுக்குள் இடம் கிடைக்காத விமானம், எத்தனை வேகம் இருந்தும், அந்தப் படைக்குப் பயன்பட்டிருக்காது. அதற்காக எண் வீண் என்று சொல்லமாட்டேன். கோவையில் பிரிட்டிஷ் கடற்படை நடத்திய 'கருடா' பழுதுபார்ப்புக் கூடம் போன்ற இடத்தில், உதிரிபாகத்தைத் தேடும் மெக்கானிக்குக்கு, விமானம் எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதே முதல் கேள்வி; அதற்கு எண் பதில் சொல்லும்.