பொம்மைக்கு உசுரு குடுக்கப் போற பேராண்டிக்கு

என்ன பேராண்டி, அனிமேஷன் படிக்கப் போறியாமே? நல்லாப் படி. ஆனா பொம்மையை ஆட வைக்கிற வித்தையே அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுன்னு மட்டும் எங்கிட்ட வந்து அளக்காத.

மதுரையச் சுத்தி ஊருக்கு ஊர் தோல்பாவைக் கூத்து நடந்துச்சுடா. மராட்டி பேசுற மண்டிகர் ஆளுக, தஞ்சாவூர் மராட்டிய ராசா காலத்துல வந்தவுகன்னு சொல்லுவாக. வெள்ளை வேட்டிய இழுத்துக் கட்டுவாக, பின்னாடி வெளக்கு. அம்புட்டுத்தேன் தியேட்டரு. ராமாயணம் பத்து நாள் ஓடும். மழை பெய்யலைன்னா ஊரே காசு போட்டுக் கூட்டியாந்து ஆடச் சொல்லும்.

ஆட்டுத்தோலைச் சுரண்டி, வெளிச்சம் ஊடுருவுற அளவுக்குச் சன்னமாக்கி, சாயம் ஏத்துவாக. நகை வேணுமா? உளியால பொட்டுப் பொட்டாத் தொளை போடு, வெளக்கு வெளிச்சமே முத்துமாலையா மின்னும். உச்சிக்குடுமி, உளுவத்தலையன்னு ரெண்டு கோமாளிப் பாவைக வந்து ஒருத்தன் மண்டையில ஒருத்தன் போடுற போட்டுல, தூங்கின பிள்ளையும் எந்திரிச்சு உக்காரும். பாவை ஆட்டுறவரு ஒருத்தருதேன், ராமனுக்கும் குரல் அவருதேன், சீதைக்கும் அவருதேன், ராவணனுக்கும் அவருதேன். இருக்கிறது ரெண்டே கை. கால் சும்மா கெடக்குமா? கட்டையைத் தட்டிச் சண்டைச் சத்தம் போடும். இப்ப உங்க படம் முடிஞ்சதும் பத்து நிமிசம் பேரு ஓடுதே, அம்புட்டுப் பேரும் என்னதேன் செஞ்சாய்ங்க?

வெள்ளைக்காரன் ஒண்ணுமே செய்யலைன்னா சொல்றேன்? லாட்டே ரைனிகர்னு ஜெர்மன்காரம்மா ஒண்ணு. அட்டையை வெட்டி, மூட்டுக்கு மூட்டு கம்பி கோத்து, அடியில வெளிச்சம் விட்டு, துளியூண்டு அசைச்சு ஒரு படம், இன்னும் துளியூண்டு அசைச்சு ஒரு படம்னு வருசக்கணக்கா எடுத்து, 1926-ல இளவரசர் அகமது கதையை முழுப்படமா வெளியிட்டுச்சு. பொறுமைன்னா அது. இங்க சினிமா எடுத்த பால்கே 1915-லயே தீக்குச்சியை நடமாட விட்டுட்டாரு. 1956-ல டிஸ்னி ஆளு கிளேர் வீக்ஸ் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிசனுக்கு வந்து நம்ம பயலுகளுக்குச் சொல்லிக் குடுத்தாரு. பெறகு 1989-ல ‘ராஜா சின்ன ரோஜா’வுல ரஜினி கார்ட்டூன் மிருகங்களோட ஆடினப்ப, சின்னஞ்சிறுசுக வாயை மூடவே இல்ல.

2014-ல ரஜினியோட ‘கோச்சடையான்’ வந்துச்சு. நம்ம ஊர்ப் பாண்டியன் பேருல்ல, விடுவமா? மோசன் கேப்சராம். நடிக்கிறவுக உடம்பெல்லாம் பொட்டு ஒட்டி, அசைவைப் பிடிச்சுக் கம்ப்யூட்டர்ல ஏத்துனாய்ங்க. கிரீடம் வந்துச்சு, குதிரை வந்துச்சு, கப்பல் வந்துச்சு. கண்ணுல மட்டும் ரஜினியைக் காணல. உளுவத்தலையன் வெறும் தோலு, மூஞ்சியே பக்கவாட்டுலதேன். அவன் என்ன நெனைக்கிறான்னு கடைசி வரிசைக் கெழவிக்குக்கூடத் தெரியும். எப்பிடிங்கிற? பின்னாடி இருக்கிறவரு ஊருக்குள்ள நாலு உளுவத்தலையனைப் பாத்து வச்சிருக்காரு.

இப்ப ஒண்ணரை லட்ச ரூவாக்குக் கம்ப்யூட்டர் இல்லாம படிப்பு ஓடாதுங்கிற. நொடிக்கு 24 படம்கிற. சரி. நடக்க வைக்கிறதுதேன் ஆரம்பப் பாடமாமே? நேரா மாட்டுத்தாவணிக்குப் போ. கட்டைப்பையோட திருமங்கலம் பஸ்ஸைத் தொரத்துற அக்கா ஒரு நடை நடக்கும். கடன் குடுத்தவன் வர்றதைக் கண்டு தூணுக்குப் பின்னாடி நழுவுறவன் ஒரு நடை நடப்பான். ரெண்டையும் நாப்பது பக்க நோட்டுல பென்சிலால வரைஞ்சு எடுத்துட்டு வா. கடன் வாங்கினவன் எவன்னு நீ சொல்லாமலே எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னா, கம்ப்யூட்டருக்கு ஒங்கப்பன்கிட்ட நான் பேசுறேன்.