17 கண் வண்டி

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், செயினை ஆட்டிப் பார்ப்பார்கள், ஆர்சி புத்தகத்தைப் புரட்டுவார்கள். ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வாங்கியது 2011 மாடல் ஸ்ப்ளெண்டர். பகலில் அங்கங்கே சிவப்பும் மஞ்சளுமாய் ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கோடு அழுக்காக நினைத்துவிட்டேன். அன்று இரவு எதிர்வீட்டு ஆட்டோ ஹெட்லைட்டோடு தெருவில் திரும்பியதும் வண்டி கண் விழித்தது. எண்ணினால் 17 ரிஃப்ளெக்டர்.

"ஏங்க, அய்யனார் கோயில் குதிரையவா ஓட்டிட்டு வந்தீங்க?" என்றாள் மனைவி.

ரிஃப்ளெக்டருக்கென்று சொந்த வெளிச்சம் கிடையாது. உள்ளே பொடிப்பொடியாகக் கண்ணாடி மணிகளோ, முப்பட்டைக் குழிகளோ இருக்கும். எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வந்ததோ அந்தத் திசைக்கே அது திரும்பிப் போகும். நம்மூர் மொய் மாதிரி. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பழைய ஓனர் முன் மட்கார்டிலும் மூன்று சிவப்பை ஒட்டியிருந்தார். இருட்டில் சிவப்பைப் பார்த்தால் வண்டியின் பின்பக்கம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். எதிரே வருகிறவன் நான் அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பதாக எண்ணிக்கொண்டு நேரே வருவான். ஆகவே பிய்ப்பது என்று முடிவாயிற்று.

முதலில் நகம். நகம்தான் பிய்ந்தது. அடுத்து தோசைக் கரண்டி. டேங்கில் ஒரு கோடு விழுந்தது, வீட்டில் அதைவிட நீளமாய் ஒன்று விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து, "தின்னர் வைங்க தம்பி, பறந்துடும்" என்றார். சைடு கவரில் வைத்தேன். பெயின்ட் பறந்தது. ஸ்டிக்கர் இருந்தது. பெரியவரும் உள்ளே போய்விட்டார்.

மகளின் ஹேர் டிரையரோடு வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் மெக்கானிக் தம்பி அந்தப் பக்கம் வந்தான்.

"அண்ணே, மதுரையில இருந்துக்கிட்டு ஹேர் டிரையரா? மத்தியானம் அரைமணி நேரம் வெயில்ல போடுங்க. பசை இளகிரும். ஓரத்தக் கிளப்பிட்டு, மேல தூக்காம, படுத்தாப்புல மெதுவா உரிங்க."

சொன்னபடியே வந்தது, வாழைமட்டையிலிருந்து நார் உரிகிற மாதிரி. பஞ்சு டேப் வைத்து ஒட்டிய தடித்த ரிஃப்ளெக்டர்கள் மட்டும் மசியவில்லை. அவற்றுக்குத் தூண்டில் நரம்பு. இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, ரிஃப்ளெக்டருக்கும் பெயின்டுக்கும் நடுவே கொடுத்து, ரம்பம் இழுப்பதுபோல இழுக்கவேண்டும். பஞ்சு அறுந்து ரிஃப்ளெக்டர் சொத்தென்று விழும். அந்தச் சத்தம் தரும் நிம்மதிக்கு இன்னும் நாலு ஒட்டியிருந்தாலும் அறுத்திருப்பேன். மிச்சப் பிசுக்குக்குத் தேங்காயெண்ணெய் தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டு, பழைய பனியன் துணியால் துடைத்தேன்.

துடைத்தபின் பார்த்தால், ஒட்டியிருந்த இடமெல்லாம் பளபளவென்று ஷோரூம் கறுப்பு. மற்ற இடமெல்லாம் பல வருட வெயிலில் வெளுத்த கறுப்பு. டேங்கில் நாலு வட்டம், மட்கார்டில் மூன்று பட்டை, அச்சாக அப்படியே.

எரிச்சலில், பின்னால் நம்பர் பிளேட்டுக்குக் கீழே மிச்சமிருந்த ஒரே சிவப்பையும் பிடித்து இழுத்தேன். வெயில் கேட்கவில்லை, நரம்பு கேட்கவில்லை. தொட்டதும் கையோடு வந்தது. உடைந்த போல்ட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான் மெக்கானிக்.

"அண்ணே, இது ஒட்டினதில்ல, கம்பெனி போட்டது. சட்டப்படி பின்னாடி கட்டாயம் இருக்கணும்."

புதிது வாங்கிவந்தேன். போல்ட் மாட்டும் இடம் உடைந்துவிட்டதால், இப்போதைக்குப் பஞ்சு டேப் வைத்து ஒட்டியிருக்கிறேன்.