அரசாங்க மதியம்

மலாக்காவின் ஜாசின் பக்கத் தோட்டப் பள்ளியில் அறிவியல் நடத்திய தாத்தாவின் இரங்கல் கூட்டத்தில் ‘கல்விச் செம்மல்’, ‘அறிவுச் சுடர்’ என்று பட்டங்கள் பறந்தன. உயிரோடிருந்தபோது தோட்டத்தார் வைத்த பட்டம் ‘கேள்விக் கிழவர்’ ஒன்றுதான்.

மார்ச் 26, செப்டம்பர் 17 வாக்கில் மலாக்காவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பேரப்பிள்ளைகளைத் திடலில் நிறுத்தி, நிழல் காலடிக்குள் ஒளிவதைக் காட்டுவார். பன்னிரண்டு மணிக்கே வந்து காய்ந்த தோட்டக் கிராணி, “நிழல் இருக்கே வாத்தியாரே, உங்க அறிவியல் பொய்யா?” என்றார்.

“ஏற்கெனவே முந்தி ஓடின கடிகாரத்தை 1982ல இன்னும் அரை மணி தள்ளினாங்க. சூரியனுக்குச் சுற்றறிக்கை போகலை. ஒரு மணி தாண்டட்டும், கிராணி.”

2003இல் அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னார்கள்; 2012இல் தமிழுக்குத் திரும்பச் சொன்னார்கள். ரப்பர் இலைகள் இரண்டு உத்தரவையும் படிக்காமலே ஒளிச்சேர்க்கை செய்தன. தாத்தா முதல் உத்தரவை மட்டும் படிக்க மறந்துபோனார்.