குட்டியானையில் காளை: செட்டிநாட்டு நடமாடும் இல்லங்களில் இடப்பங்கீடு குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வளர்ப்புப் பிராணியோடு வீட்டு வண்டியில் ஊர் சுற்றுவது மேலைநாட்டு வழக்கம் என்றொரு கருத்து அறிஞரிடையே நிலவுகிறது. மஞ்சுவிரட்டு நடக்கும் தை மாதத்தில் செட்டிநாட்டுக் கோவிலூர்ப் பக்கம் அரைநாள் நின்று பார்த்தவர் இதை ஏற்கமாட்டார். அங்கே அந்த வழக்கம் முதிர்ந்த நிலையில் இருக்கிறது. வண்டியில் குடியிருப்பது மாடு. மனிதர் கூடப் போய்வருகிறார். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆய்வு எல்லை

செட்டிநாட்டில் கேரவன் இல்லாமல் இல்லை. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் படப்பிடிப்பு நடந்தால், ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீட்டின் வாசலில் குளிரூட்டிய ஒற்றையறை வண்டி ஒன்று நிற்கும். அவ்வளவு பெரிய வீடு இருக்க, ஓய்வெடுக்க வண்டிக்குள் போவார்கள். அதில் ஏறி இறங்குவோர் வளர்ப்புப் பிராணிகளா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளதால், அவ்வண்டிகள் இங்கே விலக்கப்பட்டன.

2. முன்னோர் ஆய்வுகள்

1960இல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், சார்லி என்ற பூடில் நாயோடு கூண்டு கட்டிய டிரக்கில் தன் நாட்டைச் சுற்றினார். டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரையே வண்டிக்கு வைத்தார். குதிரைக்குள் நாய் என்ற அளவில் அவர் நின்றுவிட்டார். நம்மூரில் குட்டியானை எனப்படும் டாட்டா ஏஸ் 2005இல் சந்தைக்கு வந்தபின், குட்டியானைக்குள் காளை என்ற நிலையை நம்மவர்கள் எட்டினார்கள்.

3. கோட்பாடு

கோவிலூர் கொற்றவாளீசுவரர் உறையும் ஊர். ஈசனை ரிஷபம் சுமப்பதே மரபு. ஈசனைச் சுமந்த இனத்தை இன்று மாதத் தவணை சுமக்கிறது. மேலும், முத்துராமலிங்க ஆண்டவர் நிறுவிய மடத்தில் தமிழிலேயே வேதாந்தம் பயிற்றிய ஊர் இது. வளர்ப்பவர், வளர்க்கப்படுவது என்ற இருமை இங்கே நிலைக்க வாய்ப்புக் குறைவு.

4. அளவீடு

குட்டியானையின் பின்தட்டு இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டிய நீளமும் ஒன்றரை மீட்டரை எட்டாத அகலமும் உடையது. பரப்பு ஏறக்குறைய 3 சதுர மீட்டர். 2015இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் ஒதுக்குகின்றன. எஞ்சிய ஒன்றில் வைக்கோல், தவிட்டு வாளி, தார்ப்பாய், மாட்டுக்காரர், அவர் மச்சான், மச்சானின் நண்பர்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பதும் சட்டம். ஆக, சட்டப்படி மாட்டுக்கு இரண்டு, மனிதருக்குச் சுழியம். வீடு யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான பத்திரம் தேவையில்லை.

5. வாழ்க்கைத் தரம்

ஏறும் முறை: வண்டியின் பின்புறத்தை ஒரு மேட்டோடு சேர்த்து நிறுத்துவார்கள். காளை தன் வாசலுக்குள் நுழைவதுபோல் ஏறும். மற்றவர்கள் டயரில் கால்வைத்துத் தொற்றி ஏறவேண்டும்.

உணவு: காளைக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, பேரீச்சம்பழம். உடன் செல்வோருக்கு, வழியில் கடை திறந்திருந்தால் புரோட்டா.

காட்சி: காளை கேபினுக்கு மேலே தலைநீட்டிச் சாலையைப் பார்த்துக்கொண்டு வரும். மச்சானுக்குக் காளையின் பின்புறம் தெரியும்.

மருத்துவம்: மஞ்சுவிரட்டுத் தொழுவில் அவிழ்க்கும் காளையைக் கால்நடை மருத்துவர் சோதித்துத்தான் அனுமதிப்பார். மாட்டுக்காரரின் இரத்த அழுத்தம் குறித்து எவரும் கேட்பதில்லை.

6. மறுப்பும் விடையும்

“இது சரக்குப் போக்குவரத்து, உல்லாசப் பயணமன்று” என்று சிலர் மறுக்கலாம். சரக்கு என்பது போய்ச் சேர்ந்த இடத்தில் இறக்கி, விற்று, மறக்கப்படுவது. தை 3ஆம் நாள் சிராவயலுக்கும், மாசி மகத்தன்று அரளிப்பாறைக்கும் மஞ்சுவிரட்டுக்காகப் போகும் காளை விற்பனைக்குப் போவதில்லை. மாலை, சந்தனம், கழுத்துச் சலங்கை சகிதம் வேடிக்கைக்குப் போய்த் திரும்புகிறது. உல்லாசப் பயணத்தின் இலக்கணம் வேறென்ன?

7. வலுவான சான்று

மஞ்சுவிரட்டில் தொழுவிலிருந்து வெளிவரும் மாடுகள் சில. கட்டுமாடுகளாக வயலிலும் கண்மாய்ப் பரப்பிலும் வண்டிப் பக்கத்திலேயே அவிழ்க்கப்படுபவை பல. அவிழ்த்த காளை எந்தத் திசையில் போகும் என்பது காளைக்கே அப்போதுதான் தெரியும். அதன்பிறகு மாலை மங்கும்வரை, வெறும் பின்தட்டோடு குட்டியானைகள் கண்மாய்க் கரைகளில் ஊர்ந்து, “செவலை, நெத்தியில வெள்ள, பாத்தீங்களாண்ணே?” என்று விசாரித்துத் திரியும். குடியிருந்தவரைத் தேடி வீடே அலைகிறது. வாடகைக்கு விட்டவர் யாரும் இவ்வளவு அக்கறை காட்டுவதில்லை; எனவே காளை உரிமையாளர் என்பது ஐயமற நிறுவப்படுகிறது.

8. பரிந்துரைகள்

அ) வண்டியின் பதிவுச் சான்றில் உரிமையாளர் பெயராகக் காளையின் பெயரை எழுதலாம். தவணை நோட்டீஸை அதுவே மென்றுவிடும்.

ஆ) மச்சானுக்கும் அரைச் சதுர மீட்டராவது சட்டத்தில் ஒதுக்கவேண்டும். விதி திருத்தப்படும்வரை, அவர் வைக்கோலின் மீது உட்காரக் காளையின் அனுமதி பெற்றால் போதும்.