துண்டுத்தாள் சொன்ன வருத்தம்

நாவலப்பிட்டியில் குடை காய நேரம் கிடைப்பது அபூர்வம். என் மூக்கும் அப்படித்தான்.

“சீனி வருத்தமும் இருக்கு, அறுபதும் தாண்டிருச்சு. வருஷா வருஷம் இன்புளுவன்சா ஊசி போட்டுக்குங்க” என்று டாக்டர் சொன்ன அன்றே நான் விஞ்ஞானியானேன். இந்த வயதில் ஊசிக்குப் பயம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? ‘பக்கவிளைவு’ என்றால் ஒரு கௌரவம் இருக்கிறது.

“1976-இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்கு ஊசி போட்டு, சிலருக்கு நரம்பு தளர்ந்து கைகால் விழுந்ததே!” என்று மேசையைத் தட்டினேன்.

மகள் கண்டியில் தாதி. “அது லட்சத்துக்கு ஒருத்தர் கணக்குப்பா. இப்ப உள்ள ஊசிக்குப் பத்து லட்சத்துக்கு ஒண்ணு ரெண்டுதான். ஊசியை விடக் காய்ச்சலாலதான் அந்த வருத்தம் கூட வருது.”

“கோழி முட்டையில வளர்க்கிறாங்களாமே?”

“காலையில மூணு முட்டை அப்பம் சாப்பிட்டது யாரு?”

போன வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊசி போட்ட நாலாம் நாளே தடிமன் பிடித்ததை எடுத்துவிட்டேன். செத்த வைரஸ் காய்ச்சல் தராது, ஊசி வேலை செய்யவே இரண்டு கிழமை ஆகும், தடிமன் வேறு வைரஸ் என்று அதையும் முடித்துவிட்டாள். ஒரு தரம் போட்டால் போதாதா என்றேன். வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்குமாம். அதைத் துரத்திக்கொண்டு உலக சுகாதார அமைப்பு பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும் புதுக் கலவை சொல்லுமாம். எனக்குத் தீபாவளிக்கு மட்டும்தான் புதுச் சட்டை.

டிஸ்பென்சரியில் எனக்கும் மனைவிக்கும் ஒரே நாளில் குத்தினார்கள். ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கப் பதினைந்து நிமிடம் இருக்கச் சொன்னார்கள். நான் முக்கால் மணி நேரம் இருந்தேன். வரும்போது மருந்துப் பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதுதான் வினை.

பின்னேரம் கை வலித்தது. பிறகு தலையிடி. பிறகு உடம்பு உளைவு. தெர்மாமீட்டரில் 98.4 காட்டியது, அதற்குப் பழுது என்று தீர்மானித்தேன். அதே ஊசி போட்ட மனைவி தேங்காய் துருவி, மீன் குழம்பு வைத்து, எனக்குக் கொத்தமல்லியும் அவித்துத் தந்தாள்.

“உனக்குக் கை வலிக்கலையா?”

“வலிக்குதுதான். அதுக்கு?”

இரவானதும் எனக்கு எரிச்சல் வந்தது. சாப்பாடு வேண்டாம் என்றேன். காரணமில்லாமல் கண்ணும் கலங்கியது. மகள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“அப்பா, உங்களுக்கு எல்லாம் இதுல அச்சடிச்ச வரிசையிலேயே வருது. ஆனா எரிச்சல், பசியின்மை, அழுகை... இது மூணு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகளுக்குள்ள பகுதி!”

மனைவி சோற்றுத் தட்டோடு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“நிலாவைக் காட்டி ஊட்டலாம்னா, இந்த ஊர்ல அதுவும் வராதேங்க” என்றாள்.