இலை கிள்ளியாயிற்று, இனி எழுதுவது எப்படி?

வயலில் இறங்கி இலையைக் கிள்ளி சிலிக்கா ஜெல் பையில் போட்டாயிற்று. டி.என்.ஏ.வை இயந்திரம் படித்துக்கொள்ளும். மிச்சம், அது எந்தச் செடி, எங்கே, என்றைக்குப் பறித்தது என்று எழுதும் சில்லறை வேலைதான். அடுத்த ஆய்வாளருக்கு ஒன்றும் விளங்காதபடி அதைச் செய்வதற்குச் சில யோசனைகள்.

முதலில் பெயர். நெல் ரகத்தைப் பி.பி.டி. 5204 என்று ஒரே மாதிரி எழுதினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு வரியில் சம்பா மசூரி, அடுத்த வரியில் ஆந்திரா பொன்னி என்று போடுங்கள். ஒரே நெல் இரண்டு ரகமாகிவிடும், கட்டுரைக்கும் கனம் கூடும். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஆங்கிலத்தில் ‘பி’ ஒன்றா இரண்டா என்பதை அன்றைய மனநிலைக்கு விட்டுவிடலாம். விதை வங்கி ஒட்டிய எண் பையில் இருந்தால் கிழித்துவிடுங்கள். 2014-இல் 3,000 நெல் மரபணுத் தொகுப்புத் திட்டத்தார் 89 நாட்டு நெல்லை எண் போட்டுத்தான் பிரித்து வைத்தார்கள். அவர்களுக்குப் பொழுது போகவில்லை போலும்.

இடத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை கேட்பார்கள். இரண்டையும் மாற்றிப் போடுவது என் சிபாரிசு. தஞ்சாவூர் வடக்கே 10.79, கிழக்கே 79.14. மாற்றினால் வயல் நேராக ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு பக்கம் போய்விடும். கொஞ்ச தூரத்தில் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம், டீ கிடைக்கலாம். உலக விதைப் பெட்டகமும் அதே தீவுக்கூட்டத்தில்தான். செலவில்லாமல் நெல்லைச் சேமிப்புக்கு அனுப்பிய புண்ணியம் உங்களுக்கு.

தேதியை 03/04 என்று எழுதினால் போதும். மார்ச்சா ஏப்ரலா என்பது படிப்பவர் பிறந்த நாட்டைப் பொறுத்தது.

குழாய்க்கு ‘1ஈ5’ என்று ஆங்கில எழுத்தில் பெயரிடுங்கள்: முதல் தட்டு, ஈ வரிசை, ஐந்தாம் குழி. எக்ஸல் அதை ஒரு லட்சம் என்று வாசிக்கும். (என் முதல் தட்டில் இப்படி லட்சாதிபதி ஆனேன். பேராசிரியர் சிரிக்கவில்லை.)

எந்தப் பாகம் என்ற கட்டத்தில் ‘இலை’ போதும். கதிரை ஒட்டிய கண்ணாடி இலையா நாற்று இலையா, காலையில் பறித்ததா நள்ளிரவிலா என்பதெல்லாம் ஆர்.என்.ஏ.வைப் படிப்பவர் கவலை.

மியாப்பே என்றொரு பட்டியல் உண்டு. செடிகளின் பண்புகளை அளக்கும் சோதனையில் குறைந்தபட்சம் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று அது சொல்லும். அதைத் தரவிறக்கி, கட்டத் தலைப்புகளை உங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு மாற்றி, ‘மியாப்பே முறைப்படி’ என்று கட்டுரையில் எழுதிவிடுங்கள்.

கடைசிக் கட்டம் குறிப்பு. அதில் ‘விவரம் களப்பணி அண்ணனுக்குத் தெரியும்’ என்று எழுதுங்கள். அண்ணன் போன வருஷமே வேலையை விட்டுவிட்டு உரக்கடை வைத்திருக்கிறார். போன் நம்பரும் மாறிவிட்டது.